பெயரைப் பறித்த கடலை

‘கடலைப்பருப்பு கால் கிலோ, கடலைமாவு கால் கிலோ, கடலை எண்ணெய் ஒரு லிட்டர், கடலை மிட்டாய் ஒரு பாக்கெட்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், மளிகைக் கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் நான்கையும் எடுத்து வைத்துவிடுவார். முதல் இரண்டும் கொண்டைக்கடலையிலிருந்து வந்தவை, பின்னிரண்டும் வேர்க்கடலையிலிருந்து வந்தவை. இரண்டும் அவரைக் குடும்பத்துச் செடிகள் என்பதற்கு மேல் அவற்றுக்குள் நெருக்கம் கிடையாது. ஒன்று துருக்கிப் பக்கம் பிறந்தது, மற்றது தென் அமெரிக்காவில். ஆனாலும் ஒரே பெயரைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரே கடையில் உட்கார்ந்திருக்கின்றன. எது எங்கே எந்தக் கடலை என்பது தமிழ் பேசுகிறவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை யோசிக்க வைத்தது ஒரு காலை உணவு. ‘பீநட் பட்டர் ஓவர்நைட் ஓட்ஸ்’ என்று இப்போது வேலைக்கு ஓடுகிற பிள்ளைகள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் சின்னச் சின்ன சீசாக்களாக வரிசை கட்டி நிற்கிறதே, அதுதான். அடுப்பே வேண்டாத பண்டம். அரைக் கப் ஓட்ஸ், முக்கால் கப் பால், ஒரு மேசைக்கரண்டி பீநட் பட்டர், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெல்லத்தூள். ராத்திரி கலந்து மூடி வைத்தால் காலையில் மசிந்த பதத்தில் இருக்கும். மேலே வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டுச் சாப்பிட வேண்டியதுதான். ஒரே ஒரு நுணுக்கம் உண்டு: பீநட் பட்டரை முதலில் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான பாலில் கரைத்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த பாலில் அப்படியே போட்டால் உருண்டையாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் மேல்பாதி சப்பென்றும் கீழ்ப்பாதி மேலண்ணத்தில் அப்புவதாகவும் இருக்கும்.

செய்வது எளிது, பெயர்தான் நீளம். நான்கு சொல்லில் மூன்றுக்குத் தனித்தனிக் கதை உண்டு, அதில் முதல் சொல்லின் கதைதான் பெரிது.

கடலை என்ற சொல் நம்மிடம் நெடுங்காலமாகக் கொண்டைக்கடலையைத்தான் குறித்தது. கன்னடத்தில் கடலெ, மலையாளத்தில் கடல என்று அண்டை மொழிகளிலும் அது அதேதான். பிறகு கடல் தாண்டி ஒரு புதுப் பயறு வந்தது. பார்வைக்கும் பல்லுக்கும் கடலை மாதிரி, ஆனால் மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டியது. அதனால் வேர்க்கடலை, நிலக்கடலை என்றார்கள். தெலுங்கர்களும் அதே வழியில் போய் வேருசெனக என்றார்கள். செனக என்றால் அவர்களுக்குக் கொண்டைக்கடலை. மராத்தியர்களுக்கு அது பாசிப்பயறாகத் தோன்றியிருக்கிறது. ‘புயிமூக்’, நிலத்துப் பாசிப்பயறு. புதிதாக வந்ததற்குப் புதுப்பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. வீட்டில் இருந்த பயறின் பெயருக்கு முன்னால் மண்ணையோ வேரையோ ஒட்டினார்கள், வேலை முடிந்தது.

இதில் வேர் என்பது தவறு, நிலம் என்பது சரி. வேர்க்கடலை வேரில் காய்ப்பதில்லை. செடியில் தரைக்கு மேலே மஞ்சள் பூ பூக்கிறது. மகரந்தம் சேர்ந்ததும் பூ வாடிவிட, சூலகத்தின் அடியிலிருந்து ஊசிபோல ஒரு காம்பு நீண்டு வளைந்து கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்குகிறது. விழுது இறங்குகிறது என்பார்கள். மண்ணுக்குள் போன பிறகுதான் அதன் நுனி காயாகப் பருக்கிறது. விதைத்த 40, 45 நாளில் ஜிப்சம் தூவி மண் அணைப்பது இதற்காகத்தான். விழுது இறங்க மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், காய் தனக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாக அல்லாமல் தன் தோல் வழியாகவே மண்ணிலிருந்து இழுத்துக்கொள்கிறது. செடியைப் பிடுங்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு வேரோடு வேராகக் காய் தொங்குவதாகத் தெரியும். வேர்க்கடலை அந்தக் கண் வைத்த பெயர். சீனர்கள் இன்னும் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் வைத்த ‘லுவோ ஹுவா ஷெங்’ என்ற பெயருக்கு, உதிர்ந்த பூவிலிருந்து பிறந்தது என்று பொருள். உலகத்தில் இந்தச் செடிக்கு வைத்த பெயர்களில் இதுவே சரியானது என்பேன். தாவரங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753இல் ‘அராக்கிஸ் ஹைப்போகேயா’ என்றார். முதல் சொல் கிரேக்கர்களின் ஒரு காட்டுப் பயறு, இரண்டாவது சொல் மண்ணுக்கடியில் என்பது. திரும்பவும் நிலக்கடலை!

நம் கதைக்கு அச்சு அசலான இணை மெக்சிகோவில் இருக்கிறது. அங்கே நாவாத்ல் மொழி பேசியவர்களின் மதிப்புக்குரிய கொட்டை கொக்கோ. பானமாகக் குடித்தார்கள், சந்தையில் காசாகவே புழங்கினார்கள். அதன் பெயர் ககவாத்ல். தெற்கிலிருந்து வேர்க்கடலை அங்கே வந்து சேர்ந்தபோது அதற்கு ‘த்லால்ககவாத்ல்’ என்று பெயரிட்டார்கள். த்லாலி என்றால் நிலம். நிலக்கொக்கோ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஸ்பானியர்கள் வந்தார்கள், நாக்கில் சுழலாத முன்பாதியை உதிர்த்தார்கள், மிச்சத்தை ‘ககவாத்தே’ என்றார்கள். இன்று மெக்சிகோவில் ககவாத்தே கேட்டால் வேர்க்கடலைதான் கிடைக்கும். கொக்கோ அதே சொல்லின் கத்தரித்த இன்னொரு வடிவத்தோடு வேறு பக்கம் ஒதுங்கிவிட்டது. விருந்தாளி வந்து வீட்டுக்காரர் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார்.

தமிழில் நடந்ததும் இதுவேதான். நிலக்கடலையில் நிலம் போயிற்று, வேர்க்கடலையில் வேர் போயிற்று. ‘கடலை’ என்று மொட்டையாகச் சொன்னால் இப்போது பெரும்பாலான ஊர்களில் வறுத்த வேர்க்கடலைதான் கைக்கு வரும். பேருந்து நிலையத்தில் பொட்டலம் போடுபவரிடம் கடலை கேட்டுக் கொண்டைக்கடலை வாங்கியவர் உண்டா? கல்லூரி வாசலில் மணிக்கணக்காகக் ‘கடலை போடுவதும்’ இந்தக் கடலையை வைத்துத்தான். பழைய கடலையோ, தன் நுனியில் துருத்திக்கொண்டிருக்கும் மூக்கைக் கொண்டையாக முடிந்துகொண்டு ‘கொண்டைக்கடலை’ என்ற அடைமொழியோடு வாழ வேண்டியதாயிற்று. வறுத்து உடைத்தால் அது பொட்டுக்கடலை. அடைமொழி இல்லாமல் அது இன்னும் ஆட்சி செய்வது அடுக்களையின் இரண்டு டப்பாக்களில் மட்டும்: கடலைப்பருப்பு, கடலைமாவு. செக்கு, புண்ணாக்கு, மிட்டாய் எல்லாம் புதியவன் கையில். 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இது எந்தக் கடலை என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வேர்க்கடலையின் சொந்த ஊர் ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே, இன்றைய பொலிவியாவும் வட அர்ஜென்டினாவும் சேரும் பக்கம். பெருவின் கடற்கரையில் சிப்பான் என்ற இடத்தில் 1987இல் வால்ட்டர் ஆல்வா குழுவினர் திறந்த மோச்சே அரசனின் கல்லறையில், பொன்னிலும் வெள்ளியிலும் வேர்க்கடலைக் காய்களாகவே செய்து கோத்த மாலை கிடைத்தது. பொன் காய்கள் ஒருபுறம், வெள்ளிக் காய்கள் மறுபுறம். ஓட்டின் வரிகூடத் தெரிகிறது. கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் இதை மனி என்றார்கள். தென் அமெரிக்க ஸ்பானிய மொழியில் இன்றும் மனிதான். பிரேசிலில் துப்பி மொழியின் மந்துபி, பாதாம் பருப்பைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லின் சாயல் ஏறி ‘அமெந்தோயிம்’ ஆனது. இங்கும் பழைய பருப்பின் நிழல்தான்.

கப்பலேறிய பிறகு பெயர்கள் இன்னும் வேடிக்கையாகின்றன. வந்து இறங்கிய கடலையைப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு ஊராரும் கேட்டிருக்கிறார்கள். கடைசியாகக் கைமாற்றிய ஊரின் பெயர்தான் பதிலாகக் கிடைத்திருக்கிறது. வங்காளிகளுக்கு அது சீனாபாதாம். ஜப்பானியர்களின் பழைய பெயர்களில் ஒன்று நான்கின்மாமே, அதாவது நான்கிங் அவரை. சிங்களத்தில் ரட்டகஜு: வெளிநாட்டு முந்திரி. முந்திரியே அங்கு வெளிநாட்டிலிருந்து வந்ததுதான் என்பதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. மலையாளிகள் ஊர் பெயர் எதற்கு என்று ‘கப்பலண்டி’ என்றே வைத்துவிட்டார்கள். கப்பலில் வந்த அண்டி. பெருவின் பெயரையோ பொலிவியாவின் பெயரையோ யாரும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டின் பதில் மணிலா. ஸ்பானியக் கப்பல்கள் 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அக்காபுல்கோவுக்கும் பிலிப்பைன்சின் மணிலாவுக்கும் இடையே போய்வந்தன. புதிய உலகத்துப் பயிர்கள் பல ஆசியாவுக்கு வந்த வாசல்களில் அது ஒன்று. அந்த ஊர்ப் பெயர் தென்னார்க்காட்டு மண்ணில் மணிலாக்கொட்டை என்று ஊன்றி, பேச்சில் மல்லாக்கொட்டை ஆகி, கடைசியில் மல்லாட்டை ஆயிற்று. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, புதுவைப் பக்கம் ‘மல்லாட்ட’ என்று சொல்லாத வாய் கிடையாது. மணிலா என்ற முழு வடிவம் வியாபாரத்தில் பிழைத்திருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலிருந்து வரும் பத்திரிகைச் செய்தியில் இன்றும் ‘மணிலா வரத்து அதிகரிப்பு’ என்றுதான் இருக்கும். பிலிப்பைன்ஸிலிருந்து யாரோ கூட்டமாக வந்திறங்கினார்களோ என்று வெளியூர்க்காரர் திகைக்கக்கூடும்.

அந்த வட்டாரத்தில் இந்தப் பெயர் இத்தனை ஆழமாக ஊன்றியதற்குக் காசும் காரணம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுச்சேரித் துறையிலிருந்து மணிலா மூட்டைகள் பிரான்சின் மார்செய் நகருக்குக் கப்பலேறின. அங்கே ஆலைகளில் எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறின. வானம் பார்த்த செம்மண் நிலத்தில் கையில் ரொக்கம் தந்த பயிர் அது. பிறகு திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கிருந்து 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்ற ரகத்தின் முதலெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. அதைத் தேர்ந்தெடுத்தது குடியாத்தம் பக்கத்துக் கொத்து ரகம் ஒன்றிலிருந்து. மணிலாவில் தொடங்கிய பெயர்ப்பட்டியல் திண்டிவனத்தில் வந்து முடிந்ததில் எனக்குத் திருப்தி.

இலங்கைத் தமிழர் இந்த எந்தப் பெயரையும் பொருட்படுத்துவதில்லை. அங்கே அது கச்சான். நல்லூர்த் திருவிழா என்றால் கச்சான் கடை. கச்சான் வாங்காமல் வீடு திரும்பினால் கோயிலுக்குப் போய்வந்ததாகவே ஆகாது. மலாய் மொழியில் அவரை, பயறு, கடலை எல்லாவற்றுக்கும் காச்சாங் என்று பெயர். ஒலி ஒற்றுமை தற்செயல் என்று என் காது ஒப்புக்கொள்ள மறுக்கிறது. இலங்கைக்கு ஜாவாவிலிருந்தும் மலாய்த் தீவுகளிலிருந்தும் டச்சுக்காரர்கள் ஆட்களைக் கொண்டுவந்தார்கள், போக்குவரத்து இருந்தது. எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது: சிங்கப்பூர், மலேசியத் தெருக்களில் வறுத்த கடலை, பட்டாணி வகைகளைக் காகிதக் கூம்பில் போட்டு விற்ற ‘காச்சாங் பூத்தே’க்காரர்கள் பெரும்பாலும் இந்தியர்கள், அவர்களில் தமிழர்கள் அதிகம். ஈப்போவின் புந்தோங் பகுதியில் அந்த வியாபாரத்தின் பெயரிலேயே ஒரு கிராமம் இருக்கிறது.

சரி, பட்டருக்கு வருவோம். அதற்கு முன்னால் கடலை எண்ணெய்.

நெய் என்பது பழந்தமிழில் பசையுள்ள எல்லாவற்றுக்கும் பொதுச்சொல். வெண்மையான நெய் வெண்ணெய், எள்ளின் நெய் எண்ணெய். பின்னால் எண்ணெய் பொதுப்பெயராகப் பெருத்து எதிலிருந்து பிழிந்தாலும் எண்ணெய் என்றாயிற்று, மண்ணிலிருந்து வந்தது மண்ணெண்ணெய் உட்பட. எள்ளுக்கு உரியதோ ‘நல்ல’ என்ற அடைமொழியைத் தேடிக்கொண்டு நல்லெண்ணெய் ஆயிற்று. கொண்டைக்கடலைக்கு நடந்தது இங்கே எள்ளுக்கும் நடந்திருக்கிறது. இப்போது ‘கடலை எண்ணெய்’ என்ற தொடரைப் பிரித்துப் பாருங்கள். சொல்லின்படி அது கொண்டைக்கடலையின் எள்நெய். டின்னுக்குள் கொண்டைக்கடலையும் இல்லை, எள்ளும் இல்லை. இருந்தாலும் நாமெல்லாம் அதில்தான் வடை சுடுகிறோம்.

பீநட் பட்டருக்கும் இந்த யோகம்தான். பட்டாணியும் இல்லாத, கொட்டையும் இல்லாத பயறுக்கு ஆங்கிலத்தில் பட்டாணிக்கொட்டை என்று பெயர். பால் ஒரு சொட்டும் இல்லாத பண்டத்துக்கு வெண்ணெய் என்று பெயர். இதைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்று பள்ளிப் புத்தக நினைவில் பலரும் சொல்வார்கள். அவர் வேர்க்கடலைக்காக நிறையச் செய்தார், இதை மட்டும் செய்யவில்லை. மான்ட்ரியால்காரர் மார்சலஸ் கில்மோர் எட்சன் 1884இல் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமையிலேயே, வறுத்துச் சூடாக அரைத்த கடலை ஆறினால் வெண்ணெய்ப் பதத்துக்கு இறுகும் என்ற விவரம் இருக்கிறது. அவருக்கு அது மிட்டாய்ச் சரக்கு. 1895இல் மிச்சிகனின் பேட்டில் க்ரீக் சுகாதார இல்லத்தை நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். புலால் மறுத்த அவருக்கு இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் மாற்று வேண்டியிருந்தது. வெண்ணெய் என்ற பெயர் ஊன்றியது இந்த மாற்றுத் தேடலில்தான்.

டச்சுக்காரர்கள் இதை வெண்ணெய் என்று சொல்வதில்லை. அவர்களுக்கு இது ‘பிண்டாகாஸ்’, கடலைப் பாலாடைக்கட்டி. வெண்ணெய் என்ற சொல்லைச் சட்டம் பசும்பாலுக்கு ஒதுக்கிவைத்ததால் வந்த பெயர் என்பது ஊரறிந்த விளக்கம். ஆனால் அவர்கள் ஆண்ட சுரினாமில் 18ஆம் நூற்றாண்டிலேயே, அரைத்த கடலையைக் கட்டியாக்கித் துண்டு போடும் வழக்கமும் அதற்கு இந்தப் பெயரும் இருந்தன. அதில் வரும் பிண்டா ஆப்பிரிக்கச் சொல். அடிமைக் கப்பல்களில் காங்கோவின் மொழியோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. பட்டர் என்ற சொல்லையே வேர்வரை தோண்டினால் கிரேக்கத்தில் ‘பசுவின் பாலாடைக்கட்டி’ என்று நிற்கிறது. டச்சுக்காரர்கள் போனது அப்படியொன்றும் தப்பான வழியில்லை. அமெரிக்காவில் சண்டை வேறு விதம். எத்தனை சதவீதம் கடலை இருந்தால் பீநட் பட்டர் என்று சீசாவில் எழுதலாம் என்று அரசும் ஆலைகளும் பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, குறைந்தது 90 என்ற விதி 1971இல் நடைமுறைக்கு வந்தது. கடையில் சீசாவைத் திருப்பிப் பார்க்கும்போது இந்த 90 நினைவில் இருந்தால் நல்லது. மீதியில்தான் சர்க்கரையும் இறுக்கிய எண்ணெயும் ஒளிந்திருக்கும்.

ஓட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெப்ப நாட்டில் விளையாததால் நமக்குப் பழம்பெயர் இல்லை. காடைக்கண்ணி என்ற சிறுதானியப் பெயரைச் சிலர் இதற்கு எடுத்துக் கொடுத்தார்கள், கடைக்காரரிடம் அது செல்லாது. இதை ராத்திரி ஊறவைக்கும் வழக்கத்துக்கு மட்டும் ஒரு முகவரி உண்டு: சூரிச். மருத்துவர் மாக்சிமிலியன் பிர்ஷர்-பென்னர் 1900 வாக்கில் நோயாளிகளுக்குக் கொடுத்த உணவில், ஒரு கரண்டி ஓட்ஸ் மூன்று கரண்டி தண்ணீரில் 12 மணி நேரம் ஊறும். ஆப்பிளைத் தோலோடு துருவிப் போட்டு, எலுமிச்சைச் சாறும் டின் பாலும் சேர்த்து, மேலே அரைத்த கொட்டைப் பருப்பைத் தூவுவார். ஆப்பிள்தான் மருந்து, ஓட்ஸ் துணைக்கு. அவர் வைத்த பெயர் ‘ஆப்பிள் பத்திய உணவு’. ஜனங்கள் அதைக் கேட்கவில்லை. மசியலைக் குறிக்கும் தங்கள் சொல்லைச் செல்லமாக்கி ‘முயெஸ்லி’ என்றார்கள், மருத்துவரின் பெயரையும் முன்னால் சேர்த்தார்கள். சுவிஸ் வீடுகளில் அதைப் பெரும்பாலும் ராச்சாப்பாடாக ரொட்டி, வெண்ணெய், பால்காப்பியோடு சாப்பிட்டார்கள். ‘ஓவர்நைட்’ என்று புதுப்பெயர் சூட்டிக் காலைக்குத் தள்ளியது அண்மைக்காலத்து வேலை. கையோடு ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது பழையதுக்குத் தம்பி என்று சொல்வோர் உண்டு, எனக்கு ஒப்புதல் இல்லை. பழையது வெளியில் இருந்து புளிக்க வேண்டும், இது குளிர்பதனப் பெட்டியில் இருந்து புளிக்காமல் இருக்க வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? கடலை வெண்ணெய் என்று எழுதிப் பார்த்தால் பொய்யை மொழிபெயர்த்த மாதிரி இருக்கிறது. அடுக்களையில் தயாராக ஒரு சொல் கிடக்கிறது: விழுது. இஞ்சி பூண்டை மைய அரைத்தால் விழுது, முந்திரியை அரைத்தால் முந்திரி விழுது. அப்புறம் பழைய அகராதியைப் புரட்டினால் விழுது என்பதற்கு வெண்ணெய் என்ற பொருளே இருக்கிறது. ‘இழுது’ என்றாலும் வெண்ணெய்தான், நெய்தான். போதாக்குறைக்கு, பூவிலிருந்து நீண்டு மண்ணுக்குள் போய்க் கடலையைப் பருக்க வைக்கும் அந்தக் காம்பும் விழுதேதான். கடலை விழுது என்றால் செடியும் அம்மியும் வெண்ணெயும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

ஒரே ஒரு தடை: எந்தக் கடலையின் விழுது என்று யாராவது கேட்கலாம். கொண்டைக்கடலையை வேகவைத்து அரைத்த விழுதுக்கு ஹம்மஸ் என்ற பெயர் ஏற்கெனவே நம் ஊர் உணவகங்கள் வரை வந்துவிட்டது; அரபியில் கொண்டைக்கடலையின் பெயரே அதுதான். அங்கே அந்தப் பெயரை யாரும் பறிக்கவில்லை. வேர்க்கடலையை எகிப்தியர்கள் ‘பூல் சுதானி’, சூடான் அவரை என்று இன்றும் அடைமொழியோடுதான் கூப்பிடுகிறார்கள்.